புதிதாக ஏஜென்சி எடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,



ஐசி-38 தேர்வு எழுதி, ஏஜென்சி கோட் கைக்கு வந்து, முதல் கமிஷன் எப்போது வங்கியில் ஏறும் என்று காத்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். இந்நேரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு இரண்டு வகை அழைப்புகள் வந்திருக்கும். ஒன்று: "தரமான லீடு இருக்கு, போன் பண்ணிப் பேசினாப் போதும், பாலிசி தானா முடியும்." மற்றொன்று: "தனியா எதுக்கு அலையிறீங்க? டீம் கட்டுங்க. பத்துப் பேரைச் சேர்த்துட்டா நீங்க தூங்கினாலும் வருமானம் வரும்." அனுப்புகிறவர் பெரும்பாலும் உங்களுக்கு முன்பே இந்தத் தொழிலுக்கு வந்த ஏஜென்டாக இருப்பார். கிளப் மெம்பர் ஆனவர், மேடையில் சால்வை வாங்கியவர், சில நேரம் எம்.டி.ஆர்.டி. பட்டம் போட்டுக்கொண்டவர்.

பாலிசி விற்பதில் அவ்வளவு கெட்டிக்காரர், அதை விட்டுவிட்டு உங்களிடம் எதையோ விற்க ஏன் வந்தார்? அவரிடம் பணம் கட்டும் முன் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பேராசை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். டெல்டா மாவட்டத்தில் நெடுங்காலமாக இதே பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் என்ற முறையில் மீதிப் பாதியை எழுதுகிறேன். அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது ஒரு கணக்கு. சில ஆண்டுகளில் அதே கணக்கு உங்களையும் தள்ளிப் பார்க்கும்.

கமிஷனிலிருந்து தொடங்குவோம். மாதம் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 24,000 ரூபாய் கட்டும் ஒரு எண்டோமென்ட் பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.ஐ.சி.யில் நெடுங்காலம் இருந்த முறைப்படி முதல் ஆண்டில் 25 சதவீதம், அதன்மேல் போனஸ் கமிஷன், ஆக 35 சதவீதம். அதாவது 8,400 ரூபாய். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் ஏழரை சதவீதமாக 1,800. அதற்குப் பிறகு ஆண்டுக்கு 5 சதவீதமாக 1,200. புதுப் பாலிசியை மட்டும் நம்பி மாதம் 25,000 ரூபாய் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஆண்டுக்கு 36 பாலிசி போட வேண்டும். மாதம் மூன்று குடும்பங்கள். இந்த ஆண்டு 36 குடும்பங்கள், அடுத்த ஆண்டு வேறு 36, அதற்கடுத்த ஆண்டு வேறு 36.

இத்தனை குடும்பங்களுக்கு எங்கே போவது? முதல் பன்னிரண்டு மாதங்கள் கவலையே தெரியாது. சித்தப்பா, மாமா மகன், கூடப் படித்தவர்கள், பழைய ஆபீஸ் நண்பர்கள், தெருக்கோடி மளிகைக்கடைக்காரர். இவர்கள் உங்கள் திட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். மேலாளர்கள் இதை நேச்சுரல் மார்க்கெட் என்பார்கள். அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகுதான் உண்மையான விற்பனை தொடங்குகிறது. அறிமுகமில்லாதவரின் வீட்டுவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவருடைய சாவைப் பற்றி அவருடைய மனைவியின் முன்னிலையில் பேச வேண்டும். கல்யாண வீட்டில் உறவினர்கள் நம்மைக் கண்டதும் பந்திக்கு நழுவுவதைச் சிரித்தபடி பார்க்கவும் பழக வேண்டும்.

கையில் கிடைக்கும் முதல் ஆண்டுக் கமிஷனும் முழுசாக நம்முடையது ஆவதில்லை. "முதல் பிரீமியத்தை நீங்களே கட்டிடுங்க சார், பக்கத்துத் தெரு ஏஜென்ட் கட்டறாராம்" என்பது தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கேட்கும் பேரம். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 41, இப்படிக் கமிஷனைத் திருப்பித் தருவதைத் தடை செய்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். ஆனாலும் பழக்கம் நிற்கவில்லை. 8,400-இல் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டார்கெட்டுக்காக எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்ட ஏஜென்ட்களை உங்கள் கிளையிலேயே பார்ப்பீர்கள். மார்ச் மாதத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அண்மை ஆண்டுகளில் தரை இன்னும் சரிந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், ஓராண்டு பிரீமியம் மட்டும் கட்டி நிறுத்தியவருக்கும் சரண்டர் மதிப்பு தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி கொண்டுவந்தது. பாலிசிதாரருக்கு நல்ல விதி. அதையொட்டி எல்.ஐ.சி. முதல் ஆண்டுக் கமிஷனை 35-லிருந்து 28 சதவீதமாகக் குறைத்து, பின்னாளைய ரினியூவல் கமிஷனை 5-லிருந்து ஏழரை சதவீதமாக உயர்த்தியதாக நாளிதழ்களில் செய்தி வந்தது. நம் 8,400 ரூபாய் 6,720 ஆகிறது. ஆண்டுக்கு 36 என்பது 45 ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியங்களுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வாங்குபவருக்கு லாபம்; ஆனால் உள்ளீட்டு வரிச் சலுகையை இழந்த சில நிறுவனங்கள் அந்தச் சுமையை ஏஜென்ட் கமிஷன் பக்கம் இறக்கின. இன்னொரு பக்கம், தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் பெரிய விற்பனைக் கூடமாக வங்கிக் கவுண்டர் ஆகிவிட்டது. வீட்டுக்கடன் வாங்கப் போனவர் பாலிசியோடு திரும்புகிறார். படித்த இளைஞர்கள் டேர்ம் இன்ஷூரன்ஸை போனிலேயே ஒப்பிட்டு வாங்கிவிடுகிறார்கள்.

இப்படி நாலு பக்கமும் நெருக்குகிறபோது, பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் தன்னிடம் விற்கத்தக்கது வேறென்ன இருக்கிறது என்று பார்க்கிறார். அவருக்கு நன்றாகப் பேச வரும், கிளையில் பெயர் இருக்கிறது, ஆட்களைப் பிடிக்கும் வழியும் தெரியும். இந்த மூன்றையும் பாலிசிதாரரிடம் விற்பது கடினம், புதிய ஏஜென்டிடம் விற்பது சுலபம். பாலிசிதாரருக்கு மெடிக்கல் எடுக்க வேண்டும். புதிய ஏஜென்டுக்கு வேண்டாம். மூன்றாண்டுக்குள் பாலிசிதாரர் இறந்துவிட்டால் விசாரணை வரும், நாமினியோடு கிளைக்கு அலைய வேண்டும். லீடு வாங்கியவர் தோற்றுப்போனால் வேறொரு எண்ணுக்கு மாறிவிடுவார், அவ்வளவுதான். பாலிசி பிடிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர ஃப்ரீ லுக் உண்டு, ஏமாற்றப்பட்டால் சென்னையில் காப்பீட்டு ஓம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. நீங்கள் பணம் கட்டி வாங்கிய லீடுக்கு அப்படி ஒரு வாசலும் கிடையாது. சட்டம் காவல் நிற்கும் சந்தையிலிருந்து காவல் இல்லாத சந்தைக்கு அவர் இடம் மாறியிருக்கிறார்.

லீடு வியாபாரத்தைத் தாளில் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள். "மாதம் சில நூறு ரூபாயில் ஒரு கோடி காப்பீடு" என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்து, பெயரும் எண்ணும் நிரப்பிய ஒரு படிவத்துக்கு 100 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு படிவத்துக்கு 10,000 ரூபாய். அதே நூறை நான்கு ஏஜென்ட்களிடம், படிவம் 75 ரூபாய் வீதம் விற்றால் 30,000 ரூபாய் வருகிறது. செலவு போக 20,000 மிச்சம், அதுவும் முன்பணமாக.

வாங்கிய நால்வரின் நிலை என்ன? நால்வரும் சேர்ந்து 30,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாலிசிக்கு 6,720 ரூபாய் கமிஷன் என்றால், போட்ட பணம் திரும்பவே அந்த நூறு பேரிடமிருந்து மொத்தம் ஐந்து பாலிசி வர வேண்டும். ஒரே மனிதரை ஒரே மாலையில் நான்கு பேர் கூப்பிட்டால் அவர் நால்வரையும் பிளாக் செய்வார் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சரி, ஐந்து பாலிசி வரும் என்றே நம்புவோம். அப்படியானால் விற்றவரே அந்த நூறு பேரிடம் பேசியிருந்தால் அவருக்கு 33,600 ரூபாய் கமிஷன். விளம்பரச் செலவு போக 23,600. லீடு விற்ற லாபத்தைவிட அதிகம். அதன்மேல் ஆண்டுதோறும் ரினியூவல். ஆக, உங்களுக்குக் கட்டுபடியாகும் அளவுக்கு நல்ல லீடு என்றால் அது அவருக்கே கட்டுபடியாகும். அவர் விற்கிறார் என்றால், ஒன்று அந்த ஐந்து பாலிசி வரும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. அல்லது நூறு பேரைத் துரத்தும் உழைப்பு அவருக்கு வேண்டாம். இரண்டாவது காரணம் நியாயமானதுதான். ஆனால் அப்போது அவர் உங்களுக்கு விற்பது தான் செய்ய விரும்பாத வேலையை. அதற்கு நீங்கள் பணமும் கொடுக்கிறீர்கள்.

நேர்மையான விதிவிலக்குகள் உண்டு. நம்மைப் போன்ற ஏஜென்ட் ஒரே ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான் வேலை செய்ய முடியும். வேறு நிறுவனத்தின் திட்டம்தான் வேண்டும் என்பவரின் எண் நம் கையில் இருந்து பயனில்லை. கோயம்புத்தூரிலிருந்து வரும் விசாரணையை வைத்துக்கொண்டு மன்னார்குடிக்காரர் என்ன செய்வார்? அதை இன்னொருவருக்குத் தருவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் லீடைக் கையில் வைத்திருப்பவர்களில் மிகப் பெரியவர்கள் எந்தத் திசையில் போனார்கள் என்று பாருங்கள். 2008-இல் ஒப்பீட்டுத் தளமாகத் தொடங்கிய பாலிசிபஜார் 2021-இல் தரகு உரிமம் பெற்றது. வந்த விசாரணையை நிறுவனங்களுக்குக் கைமாற்றுவதோடு நிற்காமல், விற்பனையையும் விற்பனைக்குப் பிந்திய சேவையையும் தானே நடத்தும் இடத்துக்கு அது நகர்ந்தது. நல்ல விசாரணைகளை நிறைய வைத்திருப்பவர் கடைசிவரை அவற்றை விடமாட்டார் என்றுதான் எனக்கு இதிலிருந்து தெரிகிறது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். லீடு என்று நாம் சொல்வது ஒரு மனிதரின் பெயர், வயது, போன் எண், சில நேரம் அவருடைய நோய். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவருடைய சம்மதத்தைக் கேட்கிறது. எந்த விளம்பரத்தில், எதற்குச் சம்மதித்து எண்ணைக் கொடுத்தார் என்று விற்றவரால் காட்ட முடியாத பட்டியல், நாளை உங்கள் தலையில் விடியும் பட்டியல்.

அடுத்தது ஆள் சேர்ப்பு. இதில் விற்பனையாகும் பொருள் எது என்று பலருக்குப் புரிவதில்லை. உங்களைச் சேர்ப்பவருக்கு உங்கள் திறமை தேவையில்லை. உங்கள் சித்தப்பாவும் மாமா மகனும் கூடப் படித்தவர்களும் போதும். அவருடைய சொந்தப் பட்டியல் என்றோ தீர்ந்துவிட்டது. உங்களுடையது இன்னும் பிரிக்கப்படவில்லை. முப்பது பேரைச் சேர்த்து, ஒவ்வொருவரும் பன்னிரண்டு பாலிசி போட்டுவிட்டு ஓய்ந்துபோனால்கூட 360 பாலிசி. ஆண்டுக்கு 36 என்ற பழைய கணக்கில் ஒருவரின் பத்தாண்டு உழைப்பு, ஓராண்டில் முடிகிறது. ஆகவே நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு முதல் ஆண்டு நஷ்டமில்லை. பல நிறுவனங்களில் எத்தனை கோட் ஓபன் ஆயிற்று என்பதே ஒரு டார்கெட். அந்தக் கோடில் மூன்றாம் ஆண்டு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. எல்.ஐ.சி. 2022 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதற்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏஜென்ட்கள் இருந்தார்கள். அந்த எண்ணிக்கை நின்ற நீர் அல்ல. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் உள்ளே வருகிறார்கள், லட்சக்கணக்கில் வெளியேறுகிறார்கள்.

வெளியேறுகிறவரோடு முடிந்துபோகிற விஷயம் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அவர் போட்ட பன்னிரண்டு பாலிசிகளும் யாருமற்றுப் போகின்றன. பிரீமியத் தேதியை நினைவூட்ட ஆள் இல்லை. நாமினி பெயர் மாற்ற, முகவரி மாற்ற, லோன் வாங்க யாரைக் கேட்பதென்று தெரியாது. இரண்டு தவணை கட்டியவர் மூன்றாவதை விட்டுவிடுவார், பாலிசி லேப்ஸ். மருமகனின் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்ட அத்தை, கட்டிய பணத்தில் பெரும் பகுதியை இழப்பார், காப்பீடும் போய்விடும். சேர்த்தவர் வருமானம் பார்த்தார், நிறுவனம் புது வணிகம் பார்த்தது, பில் அத்தைக்குப் போயிற்று. அதன்பிறகு அந்தத் தெருவில் நேர்மையான ஏஜென்ட் ஒருவர் கதவைத் தட்டினாலும் திறக்காது.

இது புதிய நோயும் அல்ல. இந்தியக் காப்பீட்டில் ஒரு காலத்தில் தலைமை முகவர், சிறப்பு முகவர் என்று தட்டுத் தட்டாக இடையாட்கள் இருந்தார்கள். சட்டமே அவர்களைப் பதிவு செய்தது. 2015 திருத்தம் காப்பீட்டுச் சட்டத்தின் 42ஏ பிரிவில் அந்தத் தட்டுகளைத் தடை செய்தது; பல அடுக்கு விற்பனைத் திட்டம் வழியாகப் பாலிசி எடுக்க ஆசை காட்டுவதையும் அதே பிரிவில் தடுத்தது. இன்று சட்டப்படி ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருப்பவர்கள் எல்.ஐ.சி.யில் டெவலப்மென்ட் ஆபீசர்கள், சீஃப் லைஃப் இன்ஷூரன்ஸ் அட்வைசர்கள். தனியாரில் ஏஜென்சி மேனேஜர்கள். தரகு நிறுவனங்கள் செயலி வழியாக, 15 மணி நேரப் பயிற்சியோடு, பாயின்ட் ஆஃப் சேல்ஸ் ஆட்களைச் சேர்க்கின்றன. இவற்றுக்கு வெளியே "டவுன்லைன்", "லெவல்", "ஜாயினிங் ஃபீஸ்" என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆள் சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. புதியவரைத் தன் பைக்கின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு முதல் ஐம்பது வீடுகளுக்குக் கூடவே போன டெவலப்மென்ட் ஆபீசர்களை எனக்குத் தெரியும். முதல் டெத் கிளைமுக்குக் காகிதம் எழுதவும், அழுகிற வீட்டில் எப்போது பேசக்கூடாது என்று பழகவும் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். வயதான ஏஜென்டின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அறுபது வயதில் முழங்கால் வலியோடு எத்தனை மாடி ஏறுவார்? கற்றதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பது கௌரவமான வேலை. 2024 டிசம்பர் 9 அன்று பானிபட்டில் தொடங்கிய எல்.ஐ.சி.யின் பீமா சகி திட்டத்தைப் பாருங்கள். சேரும் பெண்களுக்கு முதல் ஆண்டில் மாதம் 7,000, இரண்டாம் ஆண்டில் 6,000, மூன்றாம் ஆண்டில் 5,000 ரூபாய் உதவித்தொகை. இரண்டாம் ஆண்டுத் தொகை கிடைக்க, முதல் ஆண்டில் போட்ட பாலிசிகளில் குறைந்தது 65 சதவீதம் நடப்பில் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் குறைகள் இருக்கலாம். ஆனாலும் கற்கும் காலத்துக்குக் கூலி, நிலைத்த பாலிசிக்கே மதிப்பு என்ற இரண்டும் சரியான கொள்கைகள்.

நிலைத்த பாலிசி என்றதும் உங்களுக்குச் சலிப்பு வரலாம். கணக்கை முடித்துவிடுகிறேன். ஆண்டுக்கு 45 வேண்டாம். 20 பாலிசி போதும், மாதம் இரண்டுகூட இல்லை. அதே 24,000 ரூபாய் பிரீமியம், ஏழரை சதவீத ரினியூவல். பத்தாண்டில் 200 பாலிசி. அத்தனையும் நடப்பில் இருந்தால் பதினோராம் ஆண்டு புதுசாக ஒன்றுகூடப் போடாமல் 3,60,000 ரூபாய், மாதம் 30,000. பாதி லேப்ஸ் ஆனால் 15,000. எத்தனை விற்றீர்கள் என்பதைவிட எத்தனை நிலைத்தன என்பதுதான் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போகிறது. 2024-இல் ஏஜென்ட்களிடம் எதிர்ப்பைக் கிளப்பிய அந்தக் கமிஷன் மாற்றம் அவசரக்காரருக்கு நஷ்டம். ஒரே ஊரில் பத்தாண்டு உட்காரத் துணிந்தவருக்கு லாபம். லீடு விற்கவும் ஆள் சேர்க்கவும் போனவர்களில் பலர் தோற்ற இடம் இதுதான். போட்ட பாலிசிகள் நிலைக்காததால், ஒவ்வோர் ஏப்ரலிலும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த ஓட்டத்தில் களைத்தவர்கள் பாலிசி விற்பதை விட்டார்கள்.

ஆகவே லீடோ டீமோ விற்க வருகிறவரிடம் பணிவாக நான்கு கேள்விகள் கேளுங்கள். உங்கள் கடந்த ஆண்டு வருமானத்தில் பாலிசிக் கமிஷன் எவ்வளவு, எங்களைப் போன்றவர்களிடம் வாங்கியது எவ்வளவு? ஐந்தாண்டுக்கு முன் நீங்கள் போட்ட பாலிசிகளில் எத்தனை 61-ஆம் மாதத்தைத் தாண்டின, அதாவது ஐந்தாண்டு முடிந்த பிறகும் நடப்பில் இருக்கின்றன? மூன்றாண்டுக்கு முன் நீங்கள் சேர்த்தவர்களில் எத்தனை பேர் இன்றும் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களில் இருவரிடம் நான் பேசலாமா? இதே லீடை இன்னும் எத்தனை பேருக்கு விற்கிறீர்கள்? நல்லவர் நாலுக்கும் பதில் சொல்வார், சிலவற்றுக்குச் சங்கடத்தோடு. மற்றவர் "பாசிட்டிவா யோசிங்க" என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பணப்பையை மூடுங்கள்.

உங்களுக்கும் ஒருநாள் ஆள் சேர்க்கும் எண்ணம் வரும், வரட்டும். அன்றைக்கு உங்கள் முதல் ஆண்டுப் பாலிசிகளின் 61-ஆம் மாதக் கணக்கைக் கிளையில் கேட்டு வாங்குங்கள். பத்தில் எட்டு நடப்பில் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். வரும் புதியவரிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள். பாதிகூட இல்லையென்றால், சேர்ப்பதைத் தள்ளிவைத்துவிட்டு லேப்ஸ் ஆன வீடுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பாலிசியை ரிவைவல் செய்ய ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மூத்த சக முகவன்,
தஞ்சாவூர் மாவட்டம்.